பச்சை பெயிண்ட் அடித்த கதவு

இன்று நன்னிலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர் மல்லிகா அக்கா என் அருகில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை நிறைய லட்டு.

"எங்க பள்ளிக்கூடத்துல இன்னிக்கு கழிப்பறை திறப்பு விழா. கம்பெனிக்காரங்களே வந்து ரிப்பன் வெட்டினாங்க. டைல்ஸ் எல்லாம் பளபளன்னு இருக்கு. எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். எனக்கு வயிறு எரிந்தது. லட்டு வேறு இனித்துத் தொலைத்தது.

கம்பெனிகள் சமூக நலனுக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் ஏதாவது ஓர் ஊருக்குத் தேவையானதைக் கட்டித் தருகிறோம் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் முதலில் பார்க்க வந்தது நம் ஊரைத்தான்.

வாழைமரம் கட்டினோம். கேசரி கிண்டினோம். பள்ளிக்கூடத்தில் உடைந்து கிடக்கும் கழிப்பறை அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று, கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துப் பூட்டியும் வைத்தோம்.

"உங்க ஊர் ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"நீங்க என்னக்கா காட்டினீங்க?"

"நாங்க எங்க காட்டினோம்? அன்னிக்கு நடவு. ஊர்ல ஆளே இல்ல. அவங்களா கழிப்பறையப் போய்ப் பாத்துட்டு மூக்கப் பொத்திக்கிட்டு வந்தாங்களாம்."

இறங்கும்போது சொன்னார்: "உங்க ஊர் மாதிரி அழகா வச்சுக்க எங்களுக்கு வராதுங்க."

கழிப்பறை இல்லாததால் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிக்காத என் மகள், இன்றும் பையை வாசலில் வீசிவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

அடுத்த கம்பெனி வரும்போது நம் ஊரில் யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. சம்மதமா, இந்த ஊர் குரூப்பிலேயே கீழே சொல்லுங்கள்.

மிச்சப் பெயிண்ட் யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.