ஆடும் கப்பலுக்குப் பக்கத்தில் இயற்பியல்

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவதென்றால் அதில் படிப்பும் கொஞ்சம் இருந்தாக வேண்டும். தண்ணீரில் குதித்துவிட்டு வருவதற்கு மட்டும் எந்த ஹெட்மாஸ்டரும் கையெழுத்துப் போட மாட்டார். எங்கள் பூங்கா முதலாளிக்கு இது புரிந்த நாளில் எனக்கு வேலை கிடைத்தது. ராட்டினம், சறுக்கு, அலைக்குளம், மதியம் பிரியாணி, இவற்றோடு அரை மணி நேரம் அறிவியல். அந்த அரை மணி நேரம் நான்தான்.

எம்.எஸ்ஸி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்தவள், நாற்பதைத் தாண்டியவள், சிரிக்கிற டால்பின் படம் போட்ட மஞ்சள் பனியனைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு ஆடும் கப்பலுக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்பேன். கப்பல் மேலே போய் நிற்கும்போது நிலை ஆற்றல், கீழே பாய்ந்து வரும்போது இயக்க ஆற்றல் என்று மலையாளத்தில் கத்துவேன். பிள்ளைகள் சொட்டச் சொட்ட நனைந்து, பல் கிடுகிடுக்க நிற்பார்கள். கண்ணெல்லாம் அலைக்குளத்தின் மேல் இருக்கும். கூட வந்த ஆசிரியர்கள் நிழலில் உட்கார்ந்து போனை நோண்டுவார்கள். கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும், யாராவது ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொல்லும், அதற்கும் எல்லாரும் கைதட்ட வேண்டும். அப்படித்தான் மேனேஜர் சொல்லித் தந்திருக்கிறார்.

இந்த வேலையைத் தேடி நான் போகவில்லை. வேறொன்றுக்குக் காத்திருக்கும்போது இது வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் அரசு ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதினால் ராங்க் லிஸ்ட் என்ற பட்டியலில் பெயர் வரும். அந்தப் பட்டியலுக்கு ஆயுள் உண்டு. அதற்குள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் தன்னிடம் இடம் காலியாக இருப்பதாக மேலே தெரிவித்தால் அடுத்த பெயருக்கு வேலை. யாரும் தெரிவிக்காவிட்டால் பட்டியல் அப்படியே செத்துப்போகும். வயது இருப்பவர்கள் மறுபடி எழுதலாம். மலையாளப் பள்ளிகளில் இருக்கும் தமிழ்ப் பிரிவுகளுக்கான இயற்பியல் ஆசிரியர் பட்டியல் எங்கள் மாவட்டத்தில் ரொம்பச் சின்னது. முதல் பெயர்க்காரர் வேலையில் சேர்ந்துவிட்டார். அடுத்த பெயர் என்னுடையது. இன்னொரு தேர்வு எழுத எனக்கு வயது இல்லை. இந்தப் பட்டியல் உயிரோடு இருக்கும்போது ஒரு காலியிடம் வந்தால் நான் டீச்சர்; வராவிட்டால் ஜென்மத்துக்கும் டால்பின் பனியன்.

என் கணவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறார். லிஸ்ட் என்று நான் வாயெடுத்தாலே, "அத ஃபிரேம் போட்டு சொவத்துல மாட்டிரலாம் கேட்டியா, மாலையும் நானே வாங்கியாறேன்" என்பார். கேலிதான். ஆனால் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் போனில் காலியிட விவரம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான்.

பட்டியல் முடியச் சில வாரங்களே மிச்சமிருந்த ஒரு ஜனவரிக் காலை. தம்பானூரில் பஸ் மாறிப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரு சின்ன வேன் நின்றுகொண்டிருந்தது. மற்ற பள்ளிகள் பாட்டும் கலர் விளக்கும் வைத்த பெரிய பஸ்ஸில் ஆரவாரமாக வந்து இறங்கும். இந்த வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள், யார் ஜன்னலோரம் உட்கார்ந்தது என்று தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெற்கே, எல்லைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் தமிழ்ப் பிரிவு. மூன்று வகுப்புகளைச் சேர்த்தும் வேன் நிறையவில்லை.

அன்றைக்கு மைக்கை அணைத்து வைத்துவிட்டேன். ஊசல், உராய்வு, மையநோக்கு விசை என்று தமிழில் சொல்லிக்கொண்டே போகும்போது எனக்கு வாய் இனித்தது. நான் படித்த சொற்களை நான் படித்த மொழியிலேயே ஒரு வகுப்புக்குச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர்களுடைய டீச்சர் நிழலுக்குப் போகவில்லை. சின்னப் பெண். அவளும் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கித் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு வந்திருந்தாள். நான் விசையைப் பற்றிச் சொன்னதும் ஒரு பையனுடைய வாட்டர் பாட்டிலை வாங்கி, வாரைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றி, "வார விட்டா பாட்டில் எங்க போவும்? சொல்லு பாப்போம்" என்று கேட்டாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். சரியாகவே சொன்னார்கள். நான் இருபது வயதில் எப்படி நடத்த வேண்டும் என்று நினைத்தேனோ அப்படி நடத்துகிறாளே என்று எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

மதியம் பிரியாணிப் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்காவுக்கு ஊரு எங்க?"

"பாறசாலைக்குப் பக்கம்."

"அப்பம் நம்ம ஆளாக்கும்!" என்று சிரித்தாள். "நான் படிச்சதும் இதே ஸ்கூல்லதான். இப்பம் அங்கயே படிப்பிக்கேன். டெய்லி வேஜஸ்."

தினக்கூலிக்கு ஆசிரியர் வைக்கிறார்கள் என்றால் அங்கே நிரந்தர இடம் ஒன்று காலியாக இருக்க வேண்டும்.

"அந்தப் போஸ்ட்டு?" என்று கேட்டேன்.

"காலியாட்டுத்தான் கெடக்கு. பழைய சார் பென்ஷன் ஆயி ரெண்டு வருஷம் ஆவும். ஹெச்.எம். மேலிடத்துக்கு ரிப்போர்ட் பண்ணல. பண்ணினா லிஸ்ட்ல இருந்து வேற ஆளு வந்திரும் அல்லே? நம்ம ஸ்கூல்ல படிச்ச பிள்ள, அவளுக்கு ஒரு வழி ஆவட்டுன்னு விட்டிருக்காவ. பாவம், நல்ல மனசு."

முட்டையை உரித்துக்கொண்டே இதை எல்லாம் சொன்னாள். என் வேலை எங்கேயோ அல்ல, என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. அதை ஒளித்துவைத்தவர்கள் திருடர்கள் அல்லர். காசு வாங்கிக்கொண்டு செய்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். யாரோ ஒரு நல்லவர், இன்னொரு நல்ல பெண்ணுக்காக, இரக்கப்பட்டுச் செய்த காரியம். அந்த இரக்கத்தின் கணக்கில் நான் என்ற ஒருத்தி இல்லவே இல்லை.

"அந்த வேற ஆளு நான்தான்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. என் பனியனைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்து உட்காராமலே கேட்டாள்.

"லிஸ்ட் எப்பம் தீரும்?"

"அடுத்த மாசம்."

"நாளைக்கே ஹெச்.எம்.கிட்ட பறஞ்சு ரிப்போர்ட் பண்ணச் சொல்றேன், அக்கா."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாமே என்று பிறகு சிலர் என்னிடம் கேட்டார்கள். ஏன் சொல்ல வேண்டும்? தேர்வு எழுதியது நான். காத்திருந்து வயதைத் தொலைத்தது நான். இன்றைக்கு அதே இடத்தில் அதே பிரியாணியோடு உட்கார்ந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சொன்னபடியே செய்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அழுதாராம், ஆனாலும் காலியிடத்தை மேலே தெரிவித்துவிட்டார். எங்கள் வீட்டில் திருவிழாதான். மாலை வாங்கித் தருவதாகச் சொன்ன மனிதர் அந்தப் பள்ளிக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு அலைந்தார். நான் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்தேன். டீச்சர் என்றால் சேலை வேண்டுமே என்று இரண்டு கைத்தறிச் சேலையும் எடுத்தேன். டால்பின் பனியனைத் துவைத்து மடித்து, மேனேஜர் முகத்தில் எறியாமல் மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று யோசித்தேன்.

இரண்டு வருஷமாக அந்தப் பள்ளியின் பக்கம் தலைவைத்தும் படுக்காத மேலிடம், இப்போது காலியிடம் என்று ஒரு வரி வந்ததும் ஆளனுப்பித் தலைகளை எண்ணியது. இத்தனை குறைந்த பிள்ளைகளுக்குத் தமிழில் தனியாக ஓர் அறிவியல் ஆசிரியர் தேவையில்லை என்று முடிவாகி, அந்த இடத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இடமே இல்லாதபோது அதில் நிரந்தர ஆசிரியரும் கிடையாது, தினக்கூலி ஆசிரியரும் கிடையாது. அவள் அந்த வாரமே வீட்டுக்குப் போனாள். என் பட்டியல் தன் நாளில் செத்தது. பட்டியல் போட்ட அலுவலகத்துக்கு நான் போன் செய்தபோது எடுத்தவர் ரொம்ப அன்பானவர். "ஸாரமில்ல டீச்சரே, அடுத்த லிஸ்டில் நோக்காம்" என்றார், பரவாயில்லை, அடுத்ததில் பார்க்கலாம் என்று. வயது முடிந்துவிட்டது என்று சொன்னேன். "அய்யோ" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டார். என்னைச் சுற்றி எல்லாருமே நல்லவர்களாக இருந்தார்கள், அதனால் சண்டை போடக்கூட ஆள் கிடைக்கவில்லை.

ஓணத்துக்கு முன் பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். கடைச் சேலையும் பெயர்ப் பட்டையுமாக நின்று, கூட்டத்துக்கு நடுவே பொன்கரை போட்ட செட் முண்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"அக்கா மேல எனக்கு தேஷ்யம் ஒண்ணும் இல்ல, கேட்டியளா" என்று தணிந்த குரலில் சொன்னாள். "என்னைக்காவது யாராவது கேக்கத்தானே செய்வாவ."

கோபம் இல்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி தலைவலியா என்று கேட்டு தைலம் நீட்டினாள்.

இந்த ஜனவரியில் அதே வேன் மறுபடியும் வந்தது. பிள்ளைகள் இன்னும் குறைந்திருந்தார்கள், போன வருஷம் வந்தவர்கள் ஒருவரும் இல்லை. கூட வந்தவர் மலையாளப் பிரிவு ஆசிரியர். நேரே நிழலுக்குப் போனார். குளித்து நனைந்து வந்தவர்களைக் கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, மைக்கை அணைத்து, தமிழில் ஆரம்பித்தேன். ஊசல் என்றால் என்ன தெரியுமா என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்கம் என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பைகளைக் குவித்து வைத்திருந்த இடத்துக்கு ஓடினாள். பாலித்தீன் கவரில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். தமிழ்ப் பிரிவின் இயற்பியல் பாடப்புத்தகம். நனையாமல் இருக்க இரண்டு கவர் போட்டிருந்தாள்.

"டீச்சர், எங்களுக்கு சயன்ஸுக்கு டீச்சர் இல்ல. மலையாளம் கிளாஸ்ல பொறத்த பெஞ்சுல கொண்டு இருத்தினாவ. அவிய பாடத்துல சொல்லுகது ஒண்ணும் எங்களுக்கு மனசிலாவல. இங்க ஒரு டீச்சர் தமிழ்ல பிசிக்ஸ் எடுப்பாவன்னு போன வருஷம் வந்தவிய சொன்னாவ. பரீட்சை மார்ச்சுல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பின்னால் அலைக்குளத்தின் சைரன் ஊதியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தூரத்திலிருந்து மேனேஜர், அடுத்த பள்ளி காத்து நிற்கிறது என்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பக்கத்திலும் பென்சில் கோடு இல்லை. தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"எது புரியல, மக்களே? எங்க இருந்து தொடங்கட்டு?" என்று கேட்டேன்.

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முதல் பக்கத்துல இருந்து, டீச்சர்."