பூட்ட மறந்த பட்டியல்

அந்தக் குழுவில் அவளுக்குப் பெயர் போஸ்ட்மாஸ்டர். பகலில் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவாள். மீதி நேரமெல்லாம் குழுவின் மின்னஞ்சல் பட்டியல்களைக் கட்டி மேய்ப்பாள்; ஒருவர் எழுதினால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போய்விடும். சின்ன மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்வதற்காக நாற்பது பேர் சேர்ந்து எழுதி, ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அவர்களுடையது. ஆரம்பத்தில் எல்லாக் கடிதமும் ஒரே பட்டியலில் வந்து விழுந்தது. சந்தேகம் கேட்பவர், சண்டைக்கு நிற்பவர், சும்மா வணக்கம் சொல்பவர் என்று ஒரே சந்தைக்கடை. அறிவிப்புக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று, நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று என்று பிரித்தவள் அவள்தான்.

"நீ இல்லேன்னா நாங்க இன்னும் தலையப் பிச்சுக்கிட்டுதான் இருப்போம்" என்பார் குழுவைத் தொடங்கிய தாடிக்காரர்.

பதினோரு நாளைக்கு முன் நிரலில் ஓர் ஓட்டை தெரிந்தது. வெளியாள் நுழைந்து பதிவுகளை அழித்துவிடலாம். அதை அடைக்கும்வரை ஐந்து பேர் மட்டும் ரகசியமாகப் பேச ஒரு பட்டியல் வேண்டும் என்றார் தாடிக்காரர். பழைய பட்டியலின் அமைப்பை அப்படியே நகலெடுத்து நொடியில் கொடுத்தாள். முதல் கடிதமும் அவளே எழுதினாள். அக்காவின் கிளினிக்கிலும் இதுதான் ஓடுகிறது, பயமாக இருக்கிறது என்று. கிளினிக்கின் பெயரோடு.

இன்று சாப்பாட்டு இடைவேளையில், மென்பொருளின் பெயரை இணையத்தில் தேடினாள். முதலில் வந்து நின்றது அவள் கடிதம். ஒளிவுமறைவு கூடாது என்பது குழுவின் பெருமை. பட்டியலில் வரும் கடிதமெல்லாம் யாரும் படிக்கும்படி இணையத்தில் கிடக்கும். நகலெடுத்தபோது அந்தப் பெருமையும் கூடவே வந்துவிட்டது. ஒரு காற்புள்ளி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மகராசி, இதைக் கோட்டைவிட்டாள்.

அந்தப் பக்கத்துக்கு யார் வந்துபோனார்கள் என்ற பதிவைத் திறந்தாள். யாரோ வெளியாள் ஒரே ஒருவர், நாள் தவறாமல் வந்து எல்லாவற்றையும் படித்திருந்தார். முந்தாநாளோடு வருவதை நிறுத்தியிருந்தார்.

பட்டியலை மூடிவிட்டு அக்காவை அழைத்தாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல நெட் வயரப் பிடுங்கிடு. காரணம் அப்புறம் சொல்றேன்."

"ஏன்டி பதறுற? அந்த ஓட்டை விஷயந்தானே?" அக்கா சிரித்தாள். "நேத்தே உங்க ஆளு ஒருத்தர் போன் பண்ணிட்டார். தன்மையான மனுஷன். உங்க தங்கச்சி ரொம்ப பயந்துபோய் எழுதியிருந்தாங்கன்னார். சரி பண்ணித் தரேன்னு பாஸ்வேர்ட் கேட்டார்."

"குடுத்தியா?"

"உன் பேரச் சொல்லிக் கேக்கும்போது குடுக்காம இருப்பேனா? இரு, முன்னாடி பேஷண்ட் உட்கார்ந்திருக்காங்க. இவங்களுக்கு எந்த ஊசி ஒத்துக்காதுன்னு பார்த்துட்டு வரேன்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "என்னடி இது, ஒருத்தர் பேருமே வரல."