முதல் கவளம்

சித்தப்பாவுக்குச் சோறு போட்டால் முதல் கவளம் எனக்கு. ஒரு கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. இருவரும் ஒரே விசைப்படகில் தொழிலுக்குப் போனார்கள். படகில் வாக்கிடாக்கி செட்டு சித்தப்பாவின் பொறுப்பு. நன்றாகப் பேசுவார். மீன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மற்ற படகுகள் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்கும். பிறகு ஒரு சமயம், செட்டை அணைத்த பின்னும் அது தன்னோடு பேசுகிறது என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தார்கள். அவர் அதற்குப் பதிலும் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் செட்டைக் கடலில் வீசிவிட்டார். படகுக்காரர் அதோடு அவரை இறக்கிவிட்டார்.

செட்டு கடலுக்குள் போனது. குரல் போகவில்லை.

சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த வலைக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். குளிப்பதில்லை. யாரோடும் பேச்சில்லை. கல்யாணத்துக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண் வீட்டுக்காரர்கள் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தாள். ஊர் நம்பவில்லை. குழாயடியில் ஒரு அக்கா என்னை நிறுத்திக் கேட்பாள்.

“ஏண்டி, ஒங்க சித்தப்பன் இன்னைக்கு எந்தக் கப்பலோட பேசுறான்?”

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கொட்டகையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கேட்டதற்குப் பதில் சொல்வேன். எனக்கு அது கேள்வியாகத்தான் பட்டது.

கோயிலுக்குப் போனார்கள். தர்காவுக்குப் போய்க் கயிறு கட்டினார்கள். கடைசியில் அப்பா காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்கள். சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் அதை மணலில் புதைத்துவிட்டார். சோற்றில் எதையோ கலந்து தன்னை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று செட்டு சொல்கிறதாம். அம்மா வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. ஆள் எலும்பானார்.

அம்மா யோசித்தாள். மீன்பிடித் தடைக்காலம், பச்சை மீன் கிடையாது, தினமும் வாளைக் கருவாட்டுக் குழம்புதான். அந்த வாசனையில் எதைக் கலந்தாலும் தெரியாது. அப்பாவை அனுப்பி மறுபடி மாத்திரை வாங்கிவரச் செய்தாள். அம்மியில் வைத்துப் பொடி பண்ணினாள். சித்தப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டு, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றி, அதில் பொடியைக் கலந்து, மேலே ஒரு துண்டு கருவாடு வைத்தாள். தட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போலகம் பக்கம் கருவாடு விற்கப் போனாள். யாராவது நின்றால் அவர் சாப்பிட மாட்டார்.

நான் நின்றால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“அவங்க போட்டது என் பேருக்குத்தான். ஒன்னைய ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். வாயத் தொற.”

குழம்பு தேங்கிய நடுவிலிருந்துதான் உருட்டுவார். பொடி அங்கேதான் இருந்திருக்கும். கருவாட்டின் நடுத்துண்டும் எனக்கே. ஒரு கவளத்தில் நம்பிக்கை வராது. இரண்டு, மூன்று ஆகும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சப்புக் கொட்டிய பிறகுதான் அவர் கை சோற்றில் இறங்கும். வீட்டில் எனக்கு அப்பாவுக்குப் பிறகுதான் நடுத்துண்டு வரும். ஆகவே நான் யாரிடமும் சொல்லவில்லை.

தட்டு காலியாக வந்தது. அம்மா அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். பத்து நாளில் சித்தப்பா கொஞ்சம் தூங்கினார். முணுமுணுப்பு குறைந்தது. குழாயடி அக்கா கேட்டபோது, “இன்னைக்கு யாரோடயும் பேசல. தூங்குறாரு” என்றேன்.

நானும்தான் தூங்கினேன். சாப்பிட்டதும் வலைக் குவியலில் சாய்ந்தால் சாயங்காலம்தான் எழுவேன். எழுந்தாலும் வாய் குழறும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகும். விளையாடப் போவதில்லை. வெயில் என்று முதலில் அம்மா நினைத்தாள். மோர் கொடுத்தாள். பிறகு வேப்பிலை அடித்தாள். நான் அடி வாங்கிக்கொண்டே தூங்கினேன்.

ஒரு நாள் அம்மா அப்பாவிடம் அடிக்குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

“நம்ம புள்ளைக்கும் வந்துடுச்சுங்க.”

அப்பா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் பஸ் ஏறினோம். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று அம்மா ஆஸ்பத்திரிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நடந்தாள். சித்தப்பாவைப் பார்த்த அதே டாக்டரம்மா. அம்மா எல்லாம் சொன்னாள். மாத்திரையைக் கலப்பதைச் சொல்லவில்லை. சித்தப்பா மாத்திரை சாப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்தார்கள். “மத்தியானம் என்னடா கண்ணு சாப்பிடுவே?” என்று கேட்டார்கள்.

“ரெண்டு வாட்டி சாப்பிடுவேன். மொதல்ல சித்தப்பா தட்டுல. அப்புறம் என் தட்டுல.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, சோற்றில் மாத்திரையைக் கலந்ததைச் சொன்னாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பெண்ணுக்கு நோய் இல்லை, தான் போட்ட மருந்துதான் என்று புரிந்த சிரிப்பு அது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அம்மா, இது ஒட்டுற வியாதி இல்ல. பேய் பிசாசும் இல்ல. மனச்சிதைவுன்னு பேரு. தொடர்ந்து மருந்து சாப்பிட்டா நிறையப் பேரு நல்லா இருக்காங்க. ஆனா சோத்துல கலக்குறாங்கன்னு சந்தேகப்படுறதே அவரோட வியாதி. நீங்க அதை நிசமாக்கிட்டீங்க. போய் அவருகிட்ட உண்மையைச் சொல்லுங்க.”

“சொன்னா இனிமே எங்க கையால தண்ணி கூடக் குடிக்க மாட்டாரும்மா.”

“குடிக்காம போகலாம். ஆனா மறைச்சா எத்தனை நாளைக்கு ஓடும்?”

வீட்டுக்குத் திரும்பினோம். சாயங்காலம் அப்பா கொட்டகைக்குப் போய் சித்தப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். அப்பா மாத்திரை அட்டையை நடுவில் வைத்தார்.

“கலந்தோம்டா. இதத்தான் கலந்தோம். தப்புதான்.”

சித்தப்பா அட்டையைப் பார்த்தார்.

“நான் சொன்னப்ப எனக்குப் பைத்தியம்னிய.”

அந்த ஒரு விஷயத்தில் வீட்டில் சரியாக இருந்தது அவர் ஒருவர்தான்.

பிறகு அப்பா நான் தூங்கிய கதையைச் சொன்னார். சித்தப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். கன்னத்தைப் பிடித்து, கண்ணைப் பார்த்தார்.

“அண்ணி, புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடலியே?”

“இல்ல தம்பி. ரெண்டு நாள்ல தெளிஞ்சுரும்னாங்க.”

அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு நாளும் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத பிஸ்கட்தான். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கெட்டது என்று அவள் நினைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா அடுப்படிக்கு வந்தார். குளித்திருந்தார். எங்களோடு வரிசையில் உட்கார்ந்தார். “எல்லாருக்கும் போடுற சட்டியிலேர்ந்தே போடுங்க அண்ணி” என்றார். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் அட்டையைக் கேட்டு வாங்கினார்.

“இதத் தின்னா செட்டு நிக்குமா?”

“தெரியலடா. கொஞ்சம் கொஞ்சமா கொறையும்னு சொன்னாங்க. நீயே வந்து கேளு.”

தானே பிரித்து, தானே விழுங்கினார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கும் போனார். ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. உடம்பு போட்டது, கை நடுங்கியது, இரண்டு தரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்துத் திரும்பவும் படுத்தார். இப்போது துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். மாத்திரை அவர் சட்டைப் பையில் இருக்கும், யாருக்கும் மறைப்பதில்லை. போன மாதம் நான் அவரிடம் கேட்டேன், செட்டு இன்னும் பேசுகிறதா என்று. “எப்பவாவது பேசும். நான்தான் பதில் பேசுறதில்ல” என்றார்.

ஆனால் அந்த மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தட்டில் சோறு விழுந்ததும் வழக்கம்போல நகர்ந்துபோய் அவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். சித்தப்பா நடுத்துண்டை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

“வேணாம். ஒன் தட்டுல சாப்புடு.”

தானே வாயில் போட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா குனிந்து சாப்பிட்டார். நான் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வலைக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன். சித்தப்பாவுக்கு என் மேல் பிரியம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.