ஏலத்தில் நின்ற அரிசி மூட்டை

மலேசியாவில் லுக்குட் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருக்கும் எங்கள் சபைக்குப் போன வருடம் திடீரென்று ஏழைகளின் ஞாபகம் வந்தது. உணவு வங்கி தொடங்கப்போகிறோம், அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் முழுவதும் அதற்குத்தான் என்றார் பாஸ்டர். எல்லாரும் கைதட்டினோம். கைதட்ட என்ன, காசா பணமா?

என் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் செம்பனைக் குலை வெட்டும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். மூன்று பிள்ளைகள். அரிசிப் பானை காலி. அவளுக்கு இப்போதே கொடுக்கலாமே என்று கமிட்டியில் கேட்டேன். திறப்பு விழா நடக்காமல் ஒரு பிடி அரிசி வெளியே போகாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது எல்லா மதத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது. ஆனால் ஏலத்தன்று அவளை மறக்காமல் கூப்பிட்டு முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பார்த்தால்தானே ஜனங்களுக்கு மனம் இளகும்.

காணிக்கையாக வந்த பொருள்களில் ஓர் அரிசி மூட்டையும் இருந்தது. லோரி முதலாளி ஒரு விலை கேட்டார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி விடுவாரா? அவர் ஏற்ற, இவர் ஏற்ற, கடைசியில் முதலாளி ஜெயித்தார். எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் சபையில் கௌரவக் குறைச்சல்.

"ஆண்டவருக்கே திரும்பக் கொடுக்குறேன். மறுபடி ஏலம் விடுங்க லா," என்றார்.

மறுபடி ஏலம். இந்த முறை கிராணி ஜெயித்தார், அவரும் ஆண்டவருக்கே கொடுத்தார். பசித்தவர்களுக்காகப் பணம் குவிந்துகொண்டே போனது. பசித்தவள் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில் பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வரவும் பெரிய மனிதர்களின் பக்தி கொஞ்சம் தளர்ந்தது. ஐம்பது வெள்ளி என்று கையைத் தூக்கினேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மூட்டை எனக்கு.

"சிஸ்டரும் ஆண்டவருக்கே திரும்பக் கொடுக்குறாங்க," என்று பாஸ்டர் அவராகவே மைக்கில் அறிவித்தார்.

"ஆண்டவருக்குப் பசி இல்ல பாஸ்டர். இவங்க வீட்லதான் பசி," என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினேன். திருடியைப் பார்ப்பதுபோல் சபையே என்னைப் பார்த்தது.

வெளியே என் மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்த அரிசி முடிஞ்சதும் மறுபடி வந்து இப்படி உக்காரணுமா?" என்று கேட்டாள்.

என் வாய்க்கொழுப்பு ஊரறிந்தது. அன்றைக்குக் கட்டிய கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.