மேலிருந்து பார்த்தவள்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஃபிட்டர். வீடு வள்ளூரில். காலை ரயிலில் போய் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் ஏழு மணிக்குள் கேட்டைத் தாண்டிவிடலாம்.

பழுதுபார்க்கும் வேலைக்கு நாங்கள் மூன்று பேராகத்தான் போவோம். எலக்ட்ரீஷியன் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துக்காரர். என் வயதுதான், ஆனாலும் என்னை நைனா என்றே கூப்பிடுவார். மெஷினுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, பிடுங்கிய ஃப்யூஸைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நான் வெளியே வந்து வேலை முடிந்தது என்று சொல்லும்வரை அது அவர் பையை விட்டு நகராது. மூன்றாவது ஆள், கிரேன் ஓட்டும் பெண். நெல் விவசாயக் குடும்பம். முப்பதடி உயரத்தில், சின்னக் கேபினில் உட்கார்ந்து டன் கணக்கில் தூக்குவாள். அவள் மாமியாருக்கோ மருமகள் கம்பெனியில் பட்டன் தட்டுகிறாள் என்பது மட்டும்தான் தெரியும்.

“நான் ஒண்ணும் பொய் சொல்லல அண்ணா. பட்டன்தான தட்டிக்கினு கீறேன்” என்பாள்.

இரண்டு வருஷம் முன்பு புதிதாக வந்த மேனேஜர் வாசலில் ஒரு பலகை மாட்டினார். மாதத்தின் சிறந்த தொழிலாளி. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரே ஒரு போட்டோ. மற்றவர்களோடு சேர்ந்து அதைக் கிண்டலடித்தாலும், தினமும் அதைக் கடக்கும்போது என் முகம் அங்கே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷ வேலையில் யாரும் என் பெயரைச் சபையில் சொன்னதில்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள் சொன்னாள்: “அண்ணா, மூணாவது மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சுத்துதே, அது மேலேந்து பாத்தா லேசா தள்ளாடுது. நேத்துலேந்து பாக்கறேன்.”

கீழே நின்று பார்த்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மெஷினை நிறுத்தித் திறந்தோம். கியர்பாக்ஸுக்குள் பேரிங் விரிசல் விட்டிருந்தது. இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் கியர்பாக்ஸே சிதறியிருக்கும்.

மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். “யாருப்பா கண்டுபிடிச்சது?”

அவள் மேலே கேபினில் இருந்தாள். எலக்ட்ரீஷியன் என் பக்கத்தில் நின்றார். “நான்தான் சார்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் என்னை ஒரு தடவை பார்த்தார்.

மறுநாள் காலை என் போட்டோ மாட்டப்பட்டது. செல்லில் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். என் மகள் அதை உடனே ஸ்டேட்டஸ் வைத்தாள்.

“அண்ணிக்குக் காட்டினியா அண்ணா? நல்லாகீற” என்றாள் கிரேன்காரப் பெண். அவள் முகத்தில் கசப்பைத் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் புது பேரிங்கைப் பொருத்தி, கியர்பாக்ஸ் மூடியைக் கிரேனில் இறக்கினோம். வலது கையால் ‘இறக்கு’ என்று சைகை காட்டிக்கொண்டிருந்தேன். விளிம்பில் ஒரு துண்டு வேஸ்ட் துணி ஒட்டியிருந்தது. எடுக்கலாமென்று இடது கை தானாக உள்ளே போய்விட்டது. வலது கை இன்னும் இறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூடி நின்றது. என் விரல்களுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், ஆடாமல். கிரேன் மணி ஒரு முறை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் சைகையை மட்டும் பார்க்கவில்லை; என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை வெளியே எடுத்தேன். மறுபடி சைகை காட்டினேன். மெதுவாக இறக்கினாள்.

கீழே இறங்கி வந்தவள், “பசிக்குது, வாங்க” என்றாள்.

கேன்டீனில் உட்கார்ந்ததும், “தள்ளாடுதுன்னு நீ சொன்னத நான் கண்டுபிடிச்சதா சொல்லிட்டேம்மா” என்றேன்.

“தெரியும் அண்ணா. ஷிஃப்ட்டே பேசிக்கினு கீது.”

எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினேன். “நீ ஏன்யா அப்பவே சொல்லல?”

“நீயே சொல்லுவன்னு இருந்தேன் நைனா” என்றார். “ஒரு நாள் லேட்டு. பரவால்ல, மோர் ஊத்திக்க.”

மூவருமாக மேனேஜரிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன். அவர், “சரி, இந்தம்மா போட்டோவ மாட்டிடுவோம்” என்றார்.

“வேணாம் சார்” என்றாள் அவள். “நான் பாத்தேன். இவரு தெறந்தாரு. ஃப்யூஸு அந்தண்ணன் பையில இல்லன்னா இவரு உள்ள கையே வெக்க முடியாது. போடறதுன்னா மூணு பேரையும் போடுங்க. இன்னா சார், எடம் பத்தாதா?”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரையும் நெருக்கி நிற்கவைத்து எடுத்த படம்தான் மாத முடிவு வரை அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் பாதி முகம்தான் வந்தது. அடுத்த மாதம் இரும்பு காய்ச்சும் ஃபர்னஸ்காரர்கள் ஆறு பேர், எங்களையும் அப்படியே எடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றார்களாம்.

அந்தப் படத்தையும் வீட்டுக்குக் கொண்டு போனேன். மற்ற இருவரும் யாரென்று மகள் கேட்டாள். பொய்யையும் சேர்த்து முழுக் கதையையும் சொன்னேன். என் இடது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“அந்த ஆண்ட்டிய ஒரு நாள் ஊட்டுக்குக் கூப்பிடுப்பா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் குடும்பத்தோடு கூப்பிட்டோம். எலக்ட்ரீஷியன் பழவேற்காட்டு இறால் ஒரு கூடை கொண்டுவந்தார்.