இஸ்தோப்பில் வரைந்த பீலி

எங்கள் வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நாத்தனார் குந்தியிருந்து சுண்ணக்கட்டியால் ஒரு பெட்டி வரைந்தாள். அதற்குக் கீழே இன்னொரு பெட்டி. அதற்கும் கீழே காற்றாடிப் பட்டம் மாதிரி ஒன்று. பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்டு இழுத்தாள். சிமெந்துத் தரையை அன்று காலையில்தான் கழுவியிருந்தேன். கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாளியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், எண்பதுகளின் கடைசி வருஷங்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லை எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டி நின்ற அந்த வீட்டு வரிசையில், முதலில் சொன்னவள் அவள்தான். இந்தப் பெட்டிகள்தான் கம்ப்யூட்டர் வேலை என்றும் சொன்னாள். மெஷின் எங்கே என்று கேட்டேன். மெஷின் கடைசியில்தான் அண்ணி, முதலில் இதுதான் என்றாள்.

அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் மாமியார் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். சாதாரண தரச் சோதனை பாஸ் பண்ணினாள். அட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். அங்கே இருந்தது ஒரே மெஷின். படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வேலையை மெஷினில் செய்து காட்ட வேண்டும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டும். அந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது, மெஷின் அதை எப்படிச் செய்யும், அதைப் பாவிக்கப் போகிற ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது எப்படி, எல்லாம். படிப்பிக்கிற சேர் அதைப் படித்துக் கையெழுத்து வைத்தால்தான் மெஷினுக்கு முறை கிடைக்கும். தாள் சரியில்லாதவர்கள் மெஷின் இருக்கிற அறைக்குள்ளேயே போக முடியாது. மின்சாரம் நோட்டன் பிரிட்ஜில் உண்டாகி எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போய்க்கொண்டிருந்தது. லயத்துக்கு வரவில்லை. அதனால் அவள் பகல் வெளிச்சத்தில்தான் எழுதுவாள்.

கூடப் படித்தவர்கள் கடைக் கணக்கு, வாசிகசாலைப் புத்தகம் என்று எடுத்தார்களாம். இவள் எங்கள் பீலியை எடுத்தாள். லயத்துக்கு மேலே பாறையில் கசிகிற ஊற்றைக் குழாய் போட்டு இறக்கியிருந்தார்கள். அதுதான் பீலி. பன்னிரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். மழைக்காலத்தில் யாரும் அதை நினைப்பதில்லை. தை பிறந்து வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் நூல் மாதிரி விழும். அப்போது முறை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். முறைக்குச் சண்டை வரும், வாளி உருளும், மயிர் பிடிபடும். அந்த முறையை மெஷினை வைத்துப் போடுவது அவள் திட்டம். மெஷின் பீலிக்கு வரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் தெரிந்த வேலையை எடுத்தால்தான் சரியாக எழுத முடியும் என்றாள். வீடு வீடாகப் போய் பீலியில் என்ன முறை என்று கேட்டு எழுதினாள்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மாதம் தோட்டத்தில் புது ஆட்களின் பேர் பதிந்துகொண்டிருந்தார்கள். விட்டால் மறுபடி எப்போது பதிவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர் கணக்கப்பிள்ளையிடம் தங்கையின் பேரைச் சொல்லி வைத்துவிட்டு வந்தார்.

"நான் என்ன வேணாங்கிறேனா? திங்கக்கெழம அந்த சேர் கையெழுத்து வச்சா போகட்டும். வைக்காட்டி செவ்வாக்கெழம பெரட்டுக்கு வரட்டும். ரெண்டும் இல்லாம இஸ்தோப்புல கோலம் போட்டுக்கிட்டு இருந்தா எப்படி?"

பெரட்டு என்றால் விடியக் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். அங்கே ஒரு தடவை பேர் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பேர் அங்கேயேதான். என் பேரும் அப்படித்தான் இருந்தது. அவளுடைய பேர் அங்கே கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் லயத்து ஆட்களைக் கூப்பிட்டாள். வாளியோடு வாருங்கள் என்றாள். தண்ணீர் இல்லாத இடத்துக்கு வாளியோடு போவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் வந்தார்கள். கடைசி வீட்டு அக்கா தரையைப் பார்த்துவிட்டு, "என்னா பாப்பா, மார்கழிக்கு இன்னும் நாளிருக்கே, இப்பவே வாசல அடைச்சிட்ட?" என்றார். நாத்தனார் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் பெட்டிகள் வழியாக நடந்து வர வேண்டும். பட்டம் மாதிரி இருந்த இடத்தில் ஒரு கேள்வி. ஆமா என்றால் வலது பக்கம், இல்லை என்றால் இடது பக்கம். அந்த இடத்தில் என்னை உட்காரவைத்தாள்.

"அண்ணிதான் கம்ப்யூட்டர். தாள்ல இருக்கிறத பாத்து ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணுதான் சொல்வாங்க. யாரும் அவங்களோட பேசக் கூடாது."

"அது நல்லா பொருத்தம்தான்" என்றார் கடைசி வீட்டு அக்கா. "எப்பவும் அதுக்கு மேல அவ பேசுனதில்ல."

முதலில் நன்றாகவே போனது. முதல் வீடு வந்தது, முறை உண்டா என்ற கேள்விக்கு ஆமா சொன்னேன், போனது. இரண்டாம் வீட்டு ஆள் வேண்டுமென்றே பிந்தி வந்தார். இல்லை என்றேன், வரிசையின் வாலுக்குப் போனார். சிரித்தார்கள். நாத்தனார் ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டாள். ஒன்பதாம் வீட்டில் அப்போது பிள்ளை பிறந்து முப்பது நாள் கூட ஆகவில்லை. அந்த வீட்டுப் பையன், புதிதாக அப்பா ஆனவன், வெட்கத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நின்றான். அவனைக் கண்டதும் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் தானாக ஒதுங்கினார்கள். யாரும் சொல்லவில்லை. அவனும் நேரே என்னிடம் வந்தான். நான் தாளைப் பார்த்தேன். அவன் முறை வரவில்லை.

"இல்ல" என்றேன்.

அவன் நின்றுவிட்டான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியே, என்னா இல்லங்கிற? வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு. துணி அலச வேணாமா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"இல்ல" என்றேன் மறுபடியும்.

"ஒங்க கம்ப்யூட்டரு ஆத்தா வயித்துல பொறக்கல போலருக்கே, பாப்பா!" என்று கடைசி வீட்டு அக்கா கத்தினார். லயமே சிரித்தது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீடு வீடா வந்து கேட்டேனே அக்கா, பீலியில என்ன முறைன்னு. ஒருத்தரும் இத சொல்லலியே."

"இதெல்லாம் ஒரு முறையா? இதப் போயி யாராச்சும் சொல்லுவாங்களா? நீயும் இதே லயத்துலதான வளந்த. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாளியை நகர்த்திவைத்து ஒதுங்கியவள்தான். கால் தானாக ஒதுங்கியதால் கை அதை எழுதவில்லை. இழவு வீட்டுக்கும் அப்படித்தான். இழவு வீட்டுக்காரர்கள் பீலிக்கே வர வேண்டியதில்லை, மற்றவர்கள் கொண்டுபோய் ஊற்றுவார்கள். அது பழக்கம், பழக்கத்தை யாரும் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை.

அவள் ஈரத் துணியால் பாதிப் பெட்டிகளை அழித்தாள். புதிதாக வரைந்தாள். பிள்ளை பெற்ற வீடா என்று ஒரு பட்டம். இழவு வீடா என்று இன்னொன்று. அதோடு நிற்குமென்று நினைத்தாள். நிற்கவில்லை. பெண் பிள்ளை பெரியவளான வீடு என்றார் ஒருவர். காய்ச்சல்காரர் இருக்கிற வீடு என்றார் இன்னொருவர். இந்தியாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப ஆள் வந்து நிறைந்த வீடு. சாமி கும்பிடுகிற வீடு. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம் வரைந்து அம்பு இழுத்தாள். எங்கள் இஸ்தோப்பு முடிந்து பக்கத்து வீட்டு இஸ்தோப்புக்குள் போய்விட்டது.

"எங்க வீட்டு ஆளு குடிச்சிட்டு வந்து வாந்தி எடுத்தா? அதுக்கும் ஒண்ணு போடு பாப்பா" என்றார் நடு வீட்டு மாமி.

"அது விசேஷம் இல்ல மாமி. அது ஒங்க வீட்டுல தெனமும் நடக்கிறது."

அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பகிடி அது. அதையும் சிரிக்காமல்தான் சொன்னாள்.

பனி இறங்கத் தொடங்கியது. ஆட்கள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்தபடி நானும் இருந்தேன். பிறகு எழுந்தாள். எல்லாப் பட்டங்களையும் அழித்தாள். ஒன்றே ஒன்றை வரைந்தாள். இன்றைக்கு எந்த வீட்டிலாவது விசேஷம் உண்டா? அந்தக் கேள்வியில் மெஷின் நிற்கும். தானாக முடிவு செய்யாது. பீலியில் நிற்கிறவர்களைக் கேட்கும். அவர்கள் ஆமா என்றால் அந்த வீடு முன்னால் போகும். அதைத் தாளில் ஏற்றினாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். பாவிக்கிற ஆள் ஒருவர் வர வேண்டும் என்று சேர் சொல்லியிருந்தார். ஒரு நாள் பேர் போனது, அன்றைய சம்பளமும் போனது. போகட்டும் என்றுவிட்டேன். அட்டனில் அந்த மேல்மாடியில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மெஷினைப் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார்கள். சேர் டவுன்காரர். மெதுவாகத்தான் பேசுவார். தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசித் தாளில் விரலை வைத்தார்.

"விசேஷம்னா என்ன? மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சேர். அதான் கேக்கும்."

"அப்ப இது ஓட்டை. திட்டத்துல ஓட்டை இருக்கக் கூடாது. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. இந்தக் கட்டத்த எடுத்துட்டு கொண்டா, இப்பவே சைன் வைக்கிறேன்."

எடுத்துவிடு என்று எனக்கு வாய் வரை வந்தது. ஒரு கட்டம்தானே. செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள். தாளைக் கையில் வாங்கினாள்.

"எடுக்க மாட்டேன் சேர். எடுத்தா அது எங்க பீலி இல்ல."

"ஆள் பொய் சொன்னா? தெனமும் ஒருத்தர் விசேஷம்னு சொல்லி முன்னுக்கு வந்தா?"

"பொய் சொல்லி தண்ணி எடுத்தவங்களும் அடுத்த நாள் அதே பீலிக்குத்தான் சேர் வரணும்."

சேர் என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க" என்றேன். அவ்வளவு போதாது என்று தோன்றியது. "பிள்ள பெத்த வீடுன்னு யாரும் பொய் சொல்ல முடியாதுங்க. அழுகுற சத்தம் லயம் முழுக்க கேக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாயால சொன்னது பத்தாது. எழுதிக்கொண்டா. யார் பதில் சொல்வாங்க, ஏன் மெஷின் அத முடிவு செய்யாது, எல்லாம் இருக்கணும்."

நடையில் தரையில் உட்கார்ந்து எழுதினாள். கொண்டுபோனாள். ஒரே நாளில் இரண்டு வீட்டில் விசேஷம் வந்தால் என்ன என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதை எழுதினாள். பதில் சொல்ல யாரும் இல்லாவிட்டால் மெஷின் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். அதையும் எழுதினாள். மற்றப் பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டு வந்துவிட்டார்கள். அவள் எழும்பவில்லை. கடைசித் தடவை போனபோது சேர் பேனாவைத் திறந்தார்.

மெஷினுக்கு முறை அதற்கடுத்த வாரம்தான் கிடைத்தது. நான் போகவில்லை. "ஓடிச்சு அண்ணி" என்று வந்து சொன்னாள். இப்போது கொழும்பில் ஒரு கந்தோரில் இருக்கிறாள். மற்றவர்கள் எழுதிய திட்டத்தைப் படித்துக் கையெழுத்து வைக்கிறது அவள் வேலையாம். தாளைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம், கேட்டு எழுதியது சரி, நின்று பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பாளாம். எங்கள் லயத்தில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. நல்லதுதான். பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அது தெரிவதில்லை. அதுவும் உண்மைதான்.

சேர் கையெழுத்து வைத்த அன்று மாலை வீட்டுக்காரரிடம் தாளைக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்தின் மசியில் விரலை வைத்து, "இதுதானா?" என்றார். இதுதாண்ணா என்றாள். மடித்துக் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரட்டில் நல்ல பனி. பக்கத்தில் நின்றவர் முகம்கூடத் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை பழைய பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். பிறகு புதுப் பேர்கள். மூன்றாவதாக நாத்தனாரின் பேரைக் கூப்பிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டார். என் பக்கம் திரும்பி, "எங்கம்மா ஒங்க நாத்தனா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆம்பிளைகள் நின்ற பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"அது வராதுங்க. அடிச்சிருங்க."

"நீதானய்யா பதியச் சொன்ன?"

"ஆமாங்க. இப்ப அடிக்கச் சொல்றேன்."

பென்சில் தாளில் இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினேன்.