ஆத்தா கூழ் வயித்துல தங்குச்சு

எல்லாருக்கும் சரோஜாவோட வணக்கம்ங்க. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வூட்டுல இருக்கேன். போன வருஷம் பெருங்குடல்ல கேன்சர்னு ஆபரேஷன் பண்ணாங்க. உசுரு பொழைச்சேன். ஆனா இன்னா பொழப்பு அது! ஒரு வாய் சாப்பிட்டா கக்கூசுக்கு ஓட்டம். வந்து உக்காந்தா மறுபடியும் ஓட்டம். தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியல. ஏன்டா பொழைச்சோம்னு அழுவேன்.

என் ஒரே பொண்ணு பெங்களூர்ல முழுகாம இருந்தா. ஆவணியில வளைகாப்பு. ரயில்லதான் போவணும். பெத்தவ நான் போவாம எப்படி? "தாயே மாரி, அந்த ஒரு நாளு என் மானத்தைக் காப்பாத்து"ன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டினவ சும்மா இருந்தேனா? வெளிய போற நாளெல்லாம் பட்டினி கெடந்தேன். வயித்துல ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் வராதாம், என் மூளை! கேட்டா அம்மனுக்கு விரதம்னுடுவேன். காத்தடைச்சு இன்னும் மோசமாச்சு.

ஆடியில எங்க லைன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க. பட்டினியோட பயந்துக்கினே போயி ஓரமா நின்னேன். பக்கத்து வூட்டு மல்லிகா சொம்போட வந்துட்டா.

"வேணாம்டி, விரதம்."

"ஆத்தா கூழுக்கு இன்னாக்கா விரதம்? குடிங்க."

ஆத்தா கூழைத் தள்ளுற வழக்கம் எங்க லைன்ல கெடயாதுங்க. கண்ணை மூடிக்கினு குடிச்சேன். இப்ப ஓடணும், இப்ப ஓடணும்னு நின்னுக்கினே இருந்தேன். கரகம் லைன் பூரா சுத்தி வந்துது. பூஜையும் முடிஞ்சுது. வயிறு அசையல! ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

டாக்டரம்மாகிட்ட சொன்னேன். "பட்டினி கெடந்ததுதாம்மா தப்பு. வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க"ன்னாங்க. மாத்திரையும் மாத்திக் குடுத்தாங்க. என் மண்டையில ஏறாததை ஆத்தா கூழு ஊத்தி ஏத்தியிருக்கா.

வளைகாப்பன்னிக்கு இட்லி சாப்பிட்டே ரயில் ஏறினேன். நடுவழியில சிக்னல் விழல, வண்டி நின்னுடுச்சு. நிக்க எடமில்லாத கூட்டம், கக்கூசுப் பக்கம் நகரவே முடியாது. எங்க வூட்டுக்காரரு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாரு. "தாயே, தாயே"ன்னேன். வயிறு கம்முனு கெடந்துச்சுங்க. வண்டி கெளம்பினதும் அவரு கையப் புடிச்சுக்கினு சிரிச்சேன்.

எம் பொண்ணு கைக்கு நானே வளையல் போட்டேன். இன்னிக்கும் சில நாளு ஓட்டம் இருக்குது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேத்தி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில அவளை மொதல்ல கையில வாங்கினது நான்தான். உங்கள்ல யாராவது இப்படி வெக்கப்பட்டு வூட்டுக்குள்ள கெடந்தா டாக்டருகிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க, ஆத்தாகிட்ட அழுவுங்க. என் கொரலைக் கேட்டவ உங்க கொரலைக் கேக்க மாட்டாளா?